சந்தானம் அழித்த சிலந்தி

ஜெயக்கொடி ஜெயித்தவற்றை அவள் அண்ணன் மலையாண்டி விரல் மடக்கிச் சொல்வான். ஒன்றைக் கூட்டமாட்டான், ஒன்றைக் குறைத்துச் சொன்னால் விடவும் மாட்டான். அரை பிளேட் அளவுத் தகடு போடுகிற மரக் காமிரா ஒன்று, அதன் மடிப்புத் துருத்தியில் பதினொரு ஓட்டைகளோடு. பூவும் பூச்சியுமாக அவள் பிடித்த கண்ணாடித் தகடுகள் இருநூற்றுப் பதினான்கு. உடைந்தது ஒன்பது போக, இருப்பது இருநூற்று ஐந்து. 1938ஆம் வருஷத்து மலர்க்காட்சியின் வெள்ளிக் கோப்பை, ஒரு சாண் உயரம். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற பூச்சிப் பட அட்டைகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பெயர். 1944 ஆவணியில் பழங்காநத்தத்தில் தனக்கென்று ஒரு போட்டோ அறை, வாசலில் பெயர்ப்பலகை.

எதையெல்லாம் மீறி ஜெயித்தாள் என்பதையும் அவனே சொல்வான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண். இருபத்தொரு வயதாகியும் கல்யாணமாகாமல் காமிரா தூக்கிக்கொண்டு திரிகிறாளே என்று காறித் துப்பிய தெரு. புழுவைக் கண்டால் நசுக்கச் சொல்கிற தோட்டத்து எஜமானியம்மா. இந்த மூன்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். நாலாவதாக டவுன்ஹால் ரோடு சந்தானம் வரும்போது, மடக்கிய விரல்கள் நாலும் சேர்ந்து முஷ்டியாகிவிடும்.

செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் அவர்கள் வீடு இருந்தது. தகப்பன் தோட்ட வேலைக்காரர். மகனை ஐந்தாம் வகுப்புவரை அனுப்பிவிட்டு, "வீட்டுக்கு ஒருத்தன் எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும்" என்று நிறுத்திக்கொண்டார். மகள் முறை வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக மொட்டுப் பறிக்கும் கூடை அவள் கைக்குப் போனது. ஒரு கோடையில் வாந்திபேதி வந்து அவர் போய்ச் சேர்ந்தார். தல்லாகுளத்தில் அவர் பார்த்துவந்த வக்கீல் பங்களாத் தோட்டம் மலையாண்டியின் பொறுப்பானது. மலையாண்டி எதையும் எழுதிவைக்கிற ஆள். எந்தப் பாத்தியில் என்றைக்கு விதை போட்டது, எந்தத் தொட்டிக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று காக்கி அட்டை போட்ட நோட்டில் குண்டு குண்டு எழுத்தில் இருக்கும். பென்சிலை நூலில் கட்டி நோட்டோடு தொங்கவிட்டிருப்பான். தொலைத்துவிடுவார்கள் என்று அதை யார் கையிலும் கொடுக்கமாட்டான்.

ஜெயக்கொடிக்குப் பூ ஜடை தைக்கத் தெரியும். மல்லிகை மொட்டை வாழைநாரில் அடுக்கி, நடுநடுவே கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வைத்து, பின்னிய ஜடையோடு சேர்த்துத் தைத்தால் மறுநாள் வாடும்வரை ஒரு மொட்டு உதிராது. வக்கீலின் மனைவி சாவித்ரி அம்மாள் தன் மகளுக்கு அப்படித் தைத்துப் படம் எடுக்கக் கூட்டிப்போனபோது, வைகைப் பாலத்துக் காற்றில் ஜடை குலையாமல் பார்த்துக்கொள்ள ஜெயக்கொடியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். அது 1932, ஜெயக்கொடிக்குப் பதினைந்து வயது. டவுன்ஹால் ரோட்டில் சந்தானத்தின் போட்டோ நிலையத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. பெண்ணை அதன் முன்னால் நிறுத்தினால் முகமும் முதுகில் தொங்கும் பூ ஜடையும் ஒரே படத்தில் விழும். அந்தப் படத்துக்காகவே மதுரை முழுக்க அங்கே வந்தது. வந்த ஜடைகளில் பாதி, படியேறுவதற்குள் பிய்ந்து தொங்கும்.

"இந்தப் புள்ளயைக் கடைக்கு அனுப்புங்க, பொம்பளையாளுக வந்தா ஜடையச் சரிபண்ண ஆள் வேணும்" என்றார் சந்தானம்.

அப்படி உள்ளே போனவள்தான். ஜடை தைக்கப் போனவள் தகடு கழுவக் கற்றாள், மருந்து கலக்கக் கற்றாள், இருட்டறையில் தொட்டுப் பார்த்தே தகட்டின் மருந்துப் பக்கம் எது என்று சொல்லக் கற்றாள். சந்தானம் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டினார். விரல் நகங்கள் மருந்தில் கறுத்துப்போயின. தேய்த்தாலும் போகவில்லை.

1934இல், மூலையில் கிடந்த பழைய மரக் காமிராவைப் பத்துப் பேர் முன்னிலையில் காலால் தள்ளி, "வெறகுக்குத்தான் ஆகும், எடுத்துட்டுப் போ" என்றார். மலையாண்டி தலைச்சுமையாகப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தான். துருத்தியை இழுத்து வெயிலில் பிடித்தால் நட்சத்திரம் மாதிரி பதினொரு ஓட்டை. ஜெயக்கொடி கறுப்புத் துணியும் பசையும் வைத்து ஒவ்வொன்றாக அடைத்தாள். அந்தத் துருத்தி நீளம்தான் அவளுக்குக் கிடைத்த வரம். முழுக்க இழுத்துவிட்டால் கட்டைவிரல் அளவுப் பூவும் காமிராவின் பின்கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு வரும்.

படம் பிடித்தது வக்கீல் தோட்டத்தில், விடியற்காலையில். வெயில் ஏறினால் பூச்சி ஓடிவிடும். மார்கழி, தை மாதங்களில் பனி விழுந்த பூவுக்குள் அவை குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு எண்ணும்வரை அசையாது. அந்தப் பன்னிரண்டுதான் அவளுக்கு வேண்டியது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் தலைகீழாகத் தெரியும் பூவில், வேறு யார் கண்ணுக்கும் படாததை அவள் கண்டுபிடிப்பாள். எருக்கம்பூவுக்கு அடியில் வரிவரியாக ஒரு புழு, துலுக்கச் சாமந்தியின் மஞ்சளுக்குள் அதே மஞ்சளில் ஒரு சிலந்தி, செம்பருத்தித் தண்டோடு தண்டாக ஒரு கும்பிடுபூச்சி.

மலையாண்டியின் வேலை, பூவில் காற்றுப் படாமல் தென்னந்தட்டியைப் பிடித்து நிற்பது.

"அண்ணே, மூச்சு விடாத."

"மூச்சு விடாம எப்புட்றீ நிக்கிறது?"

"பன்னெண்டு எண்ணுற வரைக்குந்தேன். அதுக்குள்ள செத்துற மாட்ட."

லென்சின் மூடியைக் கழற்றி, எண்ணி, மூடுவாள். மூடியதும் அவன் தட்டியைச் சாய்த்துவிட்டு நோட்டில் எழுதுவான். தேதி, பூ, பூவில் இருந்த ஜீவன், எண்ணிய எண்ணிக்கை. நாலு வருஷம், ஒரு தகடு விடாமல்.

இதில் அவனுக்கு ஒரு சங்கடம் இருந்தது. புழுவைக் கொல்லத்தான் அவனுக்குச் சோறு. நந்தியாவட்டையில் சுண்டுவிரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று வந்தபோது, தங்கைக்குத் தகடு கிடைக்கும்வரை மூன்று நாள் அதை விட்டுவைத்தான். செடி பாதி மொட்டையாகிவிட்டது.

"ஏண்டா மலையாண்டி, நீ எனக்குத் தோட்டக்காரனா, புழுவுக்கா?" என்று கேட்டாள் சாவித்ரி அம்மாள். "செடியைத் தின்கிற சனியனுக்குப் படம் வேற! நசுக்கிப் போடுடா!"

"நாளைக்கு நசுக்கிருறேம்மா" என்றான் மலையாண்டி. மறுநாள் விடிகாலையில் படம் பிடித்த பிறகு, சொன்ன வார்த்தைக்கு நசுக்கவும் செய்தான். ஜெயக்கொடி அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

தகடுகளைக் கொடுத்தது சந்தானம். நாள்பட்ட பெட்டிகளில் மிஞ்சியவை. பதிலுக்குக் கடையில் ஒரு வேலை கூடுதலாகச் செய்யவேண்டும் என்றார். கழுவிக் காய்ந்த தகட்டின் மூலையில், மருந்துப் பக்கம், மையால் ஒரு வரி எழுதவேண்டும். அதை இடவலம் மாற்றி எழுதினால்தான் படத்தில் நேராக விழும். அப்படி மாற்றி எழுதிய ஓர் அட்டையை மாதிரிக்குக் கொடுத்து, "இதப் பாத்து அச்சு அசலா வரைஞ்சிரு, நம்ம கடை அடையாளம்" என்றார். கோலம் போடுகிற கைக்கு அது ஒரு வேலையா? மாப்பிள்ளை பெண் படம், குழந்தை படம், செத்தவர்களை உட்காரவைத்து எடுத்த படம் எல்லாவற்றிலும் அவள் அந்த வரியைக் கம்பியிழை போலப் போட்டாள். தன் பூத் தகடுகளிலும் போட்டாள். கடையிலிருந்து போகிற தகடு எதுவானாலும் போடுவதுதானே முறை என்று நினைத்தாள். வீட்டுக்கு அவள் கொண்டுவந்து அண்ணனிடம் காட்டியதெல்லாம் மை போடுமுன் அடித்துப் பார்த்து, மங்கலென்று கழித்த துண்டுப் படங்கள். நோட்டோடு சரிபார்த்துவிட்டு அவன் அடுப்பில் போட்டுவிடுவான். அவற்றின் மூலை வெறுமையாக இருந்தது.

1938 தை மாதம் தமுக்கத்தில் கொட்டகை போட்டு ஒரு வாரம் மலர்க்காட்சி நடந்தது. பூக்களுக்கு ஒரு பக்கம், பூவைப் பிடித்த படங்களுக்கு ஒரு பக்கம்.

"அண்ணே, நம்ம படத்துல ஆறு பெருசு பண்ணி வைக்கப்போறாராம் முதலாளி" என்று ஜெயக்கொடி ஓடிவந்து சொன்னாள். "செவ்வந்தியில வெள்ளச் சிலந்தி இருக்குல்ல, அதயுந்தேன்!"

அந்தப் படத்தை மலையாண்டியால் மறக்கமுடியாது. சாவித்ரி அம்மாள் காட்சிக்கென்று தொட்டியில் வளர்த்த வெள்ளைச் செவ்வந்தி. அதன் இதழோடு இதழாக, அதே வெள்ளையில் ஒரு சிலந்தி, முன்கால்கள் இரண்டையும் விரித்து ஒரு தேனீயைக் கழுத்தில் கவ்விப் பிடித்திருந்தது. அவன் இரண்டடி தூரத்தில் தட்டி பிடித்து நின்று, தேனீயை மட்டும்தான் பார்த்தான். சிலந்தியை அவள் விரல் நீட்டிக் காட்டியபிறகும் வெகுநேரம் அவனுக்குத் தெரியவில்லை.

ஜனவரி முப்பது, ஞாயிற்றுக்கிழமை. சாவித்ரி அம்மாளின் பூந்தொட்டிகளைக் கைவண்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மலையாண்டி சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படக் கொட்டகைக்குப் போனான். ஆறு படமும் வரிசையாக மாட்டியிருந்தன, ஒவ்வொன்றும் முழ அகலம். அவனுக்கு நெஞ்சு விம்மியது. கிட்டப்போய், எழுத்தைக் கண்டால் படித்துவிடுகிற பழக்கத்தில் மூலையில் இருந்த வெள்ளை வரியைப் படித்தான்.

'படம் பிடித்தவர்: சந்தானம், மதுரை.'

அடுத்த படத்துக்குப் போனான். அதிலும் அதே வரி. ஆறிலும்.

"ஜெயக்கொடி, இங்கிட்டு வா. இது என்னாது?"

"கடை அடையாளம்ணே."

"கடை அடையாளமா? 'படம் பிடித்தவர் சந்தானம்'னு போட்டிருக்குடி! யாரு இத எழுதுனது?"

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாந்தேண்ணே எழுதுனேன்" என்றாள்.

வயிறு எரியாதா? விடியலில் எழுந்து, பனியில் முழங்கால் மடித்து உட்கார்ந்து, தான் பிடித்த படத்தில் தன் கையாலேயே இன்னொருவன் பெயரை அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். திருடனுக்குக்கூடப் பூட்டை உடைக்கிற சிரமம் உண்டு. இங்கே வீட்டுக்காரியே மூட்டை கட்டி அவன் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறாள், எழுத்துத் தெரியாத ஒரே காரணத்தால். ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே என்று பரிமாறியிருக்கிறான் அந்த மனுஷன்!

செவ்வந்திப் படத்தின் முன்னால் கூட்டம் நின்றது. கல்லூரியில் உயிர்நூல் சொல்லிக்கொடுக்கும் ஹாலாஸ்யம் நடுவராக வந்திருந்தார். பூதக்கண்ணாடியைப் படத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்ற சந்தானத்தைக் கேட்டார்: "படம் அபாரம். முதல் பரிசுக்கு இதைத்தான் நினைச்சிண்டிருக்கேன். ஒண்ணுதான் புரியலே. இந்தத் தேனீ ஏன் அந்தரத்திலே மல்லாந்து தொங்கறது?"

சந்தானம் சட்டென்று சொன்னார்: "தேன் குடிச்ச மயக்கம் சார்."

கூட்டம் சிரித்தது. "கள்ளுக்கடைக்குப் போற வழி போல" என்றான் ஒருவன்.

மலையாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். "மயக்கமா? அது செத்த தேனீ சாமி! சிலந்தி கழுத்தக் கவ்விப் புடிச்சிருக்கு. எடுத்தது எந் தங்கச்சி!"

"சிலந்தியா? எங்கே?"

மலையாண்டி விரலை நீட்டினான். நீட்டிய இடத்தில் சிலந்தி இல்லை. இதழ்கள் துடைத்துவிட்டாற்போல வெள்ளை வெளேரென்று இருந்தன. தேனீ ஒன்றுமில்லாததில் தொங்கியது. ஜெயக்கொடி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். மூலையில் இருந்த பெயரைக் கண்டபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

"எஞ் சிலந்தியக் காணோம்ணே!"

"யாருடா இவன்? தோட்டக்காரன்தானே?" என்றார் சந்தானம், சிரிப்பு மாறாமல். "நான் படம் எடுக்கையில தட்டி புடிச்சவன் சார். அந்தப் புள்ள நம்ம கடையில தகடு கழுவுது."

மலையாண்டி மடியிலிருந்து நோட்டை உருவினான். அவன் கையில் அசைக்கமுடியாத சாட்சி இருந்தது. நாலு வருஷத்துச் சாட்சி! உரக்கப் படித்தான்: "மார்கழி இருபத்திரண்டு. வெள்ளைச் செவ்வந்தி. வெள்ளைச் சிலந்தி, தேனீயைப் பிடித்தபடி. எண்ணிக்கை பதினாலு."

ஹாலாஸ்யம் நோட்டை வாங்கிப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "பேஷ்! எங்க மாணவன்கூட இவ்வளவு ஒழுங்கா எழுதமாட்டான்."

சந்தானமும் எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரிதான் சார். எடுத்தது அவன் தங்கச்சின்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. பூவின் பெயர் இருந்தது, புழுவின் பெயர் இருந்தது, எண்ணிக்கை இருந்தது. அவள் பெயரை எழுதவேண்டும் என்று மலையாண்டிக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வேறு யார் எடுத்திருப்பார்கள், இதை எழுதவும் வேண்டுமா என்று இருந்துவிட்டான். குடத்துத் தண்ணீரையெல்லாம் எண்ணி எழுதினவன், தண்ணீர் எடுத்த கையை விட்டுவிட்டான். சந்தானத்தின் மேல் வந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷத்தில் தன் மேலேயே திரும்பியது.

ஹாலாஸ்யம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நாளைக்குத் தகட்டைக் கொண்டுவாங்கோ. தகடு சொல்லட்டும்."

வெளியே வந்தால் சாவித்ரி அம்மாள் பிடித்துக்கொண்டாள். "என் செவ்வந்தியிலே சிலந்தி இருந்துதுன்னு ஊரைக்கூட்டிக் கத்தினியாமே? என் பூவுக்கு இன்னும் பரிசு சொல்லலைடா! மானத்தை வாங்காதே. சிலந்தியும் இல்லே, கிலந்தியும் இல்லே."

"சாட்சி சொல்ல வேணாம்மா. பொய்ச் சாட்சி சொல்லாம இருந்தாப் போதும்" என்றான் மலையாண்டி. எஜமானியம்மாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காட்சி அலுவலகத்துக்குச் சந்தானம் தகட்டைப் பட்டுத் துணியில் சுற்றி, கூசாமல் கொண்டுவந்தார். ஹாலாஸ்யம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெகடிவில் வெள்ளைப் பூ கறுப்பாகத் தெரிந்தது. தேனீ வெளிறித் தெரிந்தது. சிலந்தி இல்லை. மூலையில் சந்தானம் பெயர் மட்டும் இருந்தது.

"பாத்தீங்களா சார்? தகட்டுலயே இல்லாத பூச்சி!"

ஜெயக்கொடி, "நான் ஒருக்காப் பாக்கலாமா சாமி?" என்று கேட்டு வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காமல், சாய்த்துப் பிடித்தாள். மருந்துப் பக்கத்தில், தேனீயின் அருகே, புளியங்கொட்டை அளவுக்கு ஓர் இடம் பென்சில் முனைபோல மினுங்கியது.

"டச்சிங் போட்டிருக்காரு" என்றாள். "கொஞ்சம் டர்பன்டைனும் பஞ்சும் வேணும்."

முகத்துப் பருவையும் அம்மைத் தழும்பையும் மறைக்கத் தகட்டில் பென்சிலால் தடவுவதைத்தான் கடைக்காரர்கள் டச்சிங் என்பார்கள். வாசலில் விளம்பரப் பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவனிடம் டர்பன்டைன் இருந்தது. ஒரு கிண்ணத்தில் மலையாண்டி வாங்கிவந்தான்.

"தகட்டக் கெடுத்துராத! எங் கண்ணாடி அது!" என்று சந்தானம் எழுந்தார்.

"உட்காருங்கோ" என்றார் ஹாலாஸ்யம்.

அவள் பஞ்சைத் தொட்டுப் பிழிந்து, பிறந்த குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோல ஒற்றி எடுத்தாள். பஞ்சு சாம்பல் நிறமானது. மறுபடி ஒற்றினாள். முதலில் ஒரு முன்காலின் ஓரக்கோடு வந்தது. அப்புறம் இன்னொன்று. நண்டுக்கால் மாதிரி விரிந்த அந்த இரண்டுக்கும் நடுவே தலை, தலையில் ஊசிமுனைப் புள்ளிகளாகக் கண்கள், பின்னால் உருண்ட வயிறு. தேனீ தொங்கவில்லை, அதைப் பிடித்திருந்தவள் வந்துவிட்டாள்.

"டச்சிங்ல... அழுக்குன்னு நெனச்சுட்டேன் சார்" என்றார் சந்தானம்.

"எடுத்தவனுக்கு அது அழுக்கா உயிரான்னு தெரியாதா சந்தானம்?" என்றார் ஹாலாஸ்யம். சொல்லவேண்டியதை மலையாண்டி சொன்னான். அது அச்சில் போடக்கூடியதாக இல்லை. போகிறபோது சந்தானம் ஜெயக்கொடியைப் பார்த்து, "இனிமே கடைப் பக்கம் கால் வைக்காத" என்றார். அன்று சாயங்காலம் காமிராவைத் திரும்பக் கேட்டு ஆளும் அனுப்பினார். விறகு கேட்டு வந்தாயா என்று மலையாண்டி மண்வெட்டியோடு வாசலில் நின்றான். வந்தவன் போய்விட்டான்.

இதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால் அதுதான் தப்பு. காட்சியின் காரியதரிசி வெங்கடசுப்பிரமணியன் விண்ணப்பத் தாளை எடுத்துவைத்துக்கொண்டார். "பேர் மாத்தணும்னா எடுத்தவர் கையெழுத்துப் போடணும். கைநாட்டு செல்லாது. பதிமூணாவது விதி."

"எழுதத் தெரியாதுங்க அவளுக்கு."

"அப்ப கோப்பை ரெண்டாவதா வந்த படத்துக்குப் போயிடும். கைநாட்டுக்காரிக்கு வெள்ளிக் கோப்பைன்னு பேப்பர்ல போட்டா நாலு பேர் சிரிக்கமாட்டாளா?"

மலையாண்டி தங்கையின் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தான். மருந்தில் கறுத்த அஞ்சு விரலும் விரிந்து கிடந்தன. "இந்த வெரலுதேன் மூடியத் தொறந்துச்சு, இந்த வெரலுதேன் இப்ப உங்க கண்ணு முன்னால சிலந்தியக் கொண்டாந்துச்சு. இந்த வெரலு மை தொட்டு வச்சா மட்டும் செல்லாதா? எம்புட்டுக் கோணல் இது!"

விதி அசையவில்லை. ஹாலாஸ்யம் பேசிப் பார்த்து, பரிசு கொடுக்கும் சனிக்கிழமைவரை தவணை வாங்கிக் கொடுத்தார். தகட்டையும் அவளிடமே கொடுத்துவைத்தார். ஐந்து நாள். அதற்குள் அவள் தன் பெயரை எழுதவேண்டும், இல்லாவிட்டால் கோப்பை போய்விடும். படமும் சந்தானம் பெயரிலேயே நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், தோட்டத்தில் மண்வெட்டி வைக்கிற கொட்டகையில் மலையாண்டி ஒரு சிலேட்டில் 'ஜெயக்கொடி' என்று எழுதிக்கொடுத்தான். அவள் பார்த்து எழுதினாள். எல்லா எழுத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. நாலு வருஷமாக இடவலம் மாற்றி வரைந்த கைக்கு நேராக எழுத வரவில்லை. அழித்து எழுதினாள், மறுபடி அப்படியே. புதன்கிழமையும் அதே கதை.

"ஏண்டி, பாத்து எழுதறதுதானே? கொம்ப வலப்பக்கம் போட்டிருக்க, கால இடப்பக்கம் போட்டிருக்க! என்ன எழவு இது?" அவன் சிலேட்டைப் பிடுங்கினான்.

அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். "நாலு வருசமா நோட்டுல எழுதுனியேண்ணே. ஒரு நா, ஒரே ஒரு நா அந்தப் பென்சில எங்கையில குடுத்தியா? முன்னாடியே குடுத்திருந்தா, அந்த ஆளு பேர எம் படத்துல நானே எழுதியிருப்பேனா?"

தகப்பன் சொன்னதைத் தப்பு என்று ஊரெல்லாம் பேசினவன், தானும் அதையேதான் செய்துவந்திருக்கிறான். நோட்டில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். பென்சிலை அவள் முன்னால் வைத்தான்.

அவள் அதைத் தொடவில்லை. "வராதத ஏண்ணே இழுத்துக்கிட்டு? எனக்குத் தகட்டுலதேன் வரும். மொதல்ல அதுல எழுதிக்கிறேன். அதப் படம் அடிச்சா நேரா வந்துரும். அந்தப் படத்தப் பாத்து, எழுத்துன்னு நெனைக்காம, கோலத்தப் பாத்துப் போடுற மாதிரி பேப்பர்ல போட்டுருவேன்" என்றாள்.

மறுநாள் செவ்வந்தித் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். ஈரப் பஞ்சால் மூலையைத் துடைத்தாள். தான் எழுதிய 'சந்தானம்' தன் கையாலேயே கரைந்து பஞ்சில் ஏறியது. தகடு காயும்வரை காத்திருந்தாள். மலையாண்டி ஒருவரும் கேட்காமலே தென்னந்தட்டியைக் கொண்டுவந்து காற்று வரும் பக்கம் பிடித்து நின்றான். மூச்சையும் அடக்கிக்கொண்டான்.

அணில்வால் மயிர்த் தூரிகையை மையில் தொட்டு, வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாக அவள் எழுதினாள். ஒரு தடுமாற்றம் இல்லை. எழுதி முடித்துத் தகட்டை மறுபக்கம் திருப்பி அண்ணனிடம் நீட்டினாள். கண்ணாடி வழியே, சிலந்தியின் காலுக்குக் கீழே, பெயர் நேராக நின்றது: ஜெயக்கொடி. மலையாண்டி எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான். ஓர் எழுத்தும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. அப்புறம் நோட்டைத் திறந்து, பூவுக்கும் பூச்சிக்கும் எண்ணிக்கைக்கும் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து, எடுத்தவர் பெயரை அவளே எழுத இடம் விட்டு, தேதியை எழுதினான்.

1938ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை.